பொன்முடியில் கேட்ட வான்குடைப் பாடம்

மூன்று மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நமது சங்கத்தைச் சேர்ந்த ஐந்து குடும்பத்தார் ஒன்றுகூடிப் பொன்முடிக்குச் சென்று வந்தோம். தம்பானூரில் விடியற்காலையில் பேருந்து ஏறி, நெடுமங்காடு, விதுரா வழியாகக் கல்லாற்றைக் கடந்து, இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தபோது குழந்தைகளில் பாதிப் பேருக்குத் தலை சுற்றியது. மீதிப் பேருக்குப் பசி எடுத்தது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தப் புல்மேட்டில் அமர்ந்து, புளியோதரைப் பொட்டலங்களைப் பிரிப்பதற்குள் எதிர்மலை கண்ணுக்கு மறைந்துவிட்டது. பனி அவ்வளவு விரைவாக ஏறி வந்தது.

உல்லாசப் பயணத்தின் கதையைச் சொல்வது நமது நோக்கமன்று. அங்கே நிகழ்ந்த ஓர் உரையாடல், அயலூர்களிலும் அயல்நாடுகளிலும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு இருக்கும் நம்மவர் பலருக்கும் பயன்படும் என்று தோன்றியமையால் இதனை எழுதலாயினோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி இரயில்வேயில் எழுத்தராகக் காலந்தள்ளும் நமக்கு ஆகாயத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். கேட்டதைக் கேட்டபடி சொல்லும் தகுதி ஒன்றே உண்டு.

நம்முடன் வந்தவர்களுள் கரமனையில் வசிக்கும் ஓர் அம்மையாரும், துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்த அவர் மகனும் இருந்தனர். பிள்ளைக்கு வயது இருபத்தெட்டு. கணக்கு எழுதும் உத்தியோகம். அங்கே விடுமுறை நாட்களில் விமானத்திலிருந்து குதிக்கும் பழக்கம் அவனுக்கு நான்கு ஆண்டுகளாக உண்டு என்பதும், இதுவரை 240 முறை குதித்துவிட்டான் என்பதும் அன்றுதான் நமக்குத் தெரிய வந்தன. அம்மையார் நம்மைத் தனியே அழைத்து, “தம்பி, இவன் இப்போது புதிதாக ஒரு குடை வாங்கப் போகிறானாம். பழையதைவிடச் சிறியது என்கிறான். சிறியதென்றால் நல்லதா, கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லை. நீங்களாவது விசாரித்துச் சொல்லக் கூடாதா?” என்று கேட்டார்.

தெய்வாதீனமாக விசாரிக்க ஏற்றவர் பக்கத்திலேயே இருந்தார். விமானப் படையில் பணியாற்றி, ஆக்ராவிலுள்ள பாராசூட் பயிற்சிப் பள்ளியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நமது சங்கத்தில் உண்டு. திருநெல்வேலிச் சீமைக்காரர்; அதிகம் பேசாதவர். பேச்சைத் தொடங்கி வைத்தது மட்டுமே நமது வேலையாயிற்று.

பெரியவர் முதலில் பழைய கதையையே சொன்னார். 1890-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் இராமச்சந்திர சாட்டர்ஜி என்பவர் புகைக்கூண்டிலிருந்து வான்குடையைப் பற்றி இறங்கினார். இந்திய இராணுவத்தில் பாராசூட் படை தோன்றிய 1941-ஆம் ஆண்டில் முதன்முதலாகக் குதித்த இந்தியர்களுள் ஒருவர் ஏ. ஜி. ரங்கராஜ் என்னும் மருத்துவர். ஆர்க்காட்டு ரங்கராஜ் நம்மவர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. பின்னர்க் கொரியப் போரில் 60-வது பாராசூட் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கிச் சென்று, 1951-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் முன்சான்-நி என்னுமிடத்தில், அமெரிக்க வீரர்களுடன் 12 பேர் கொண்ட இந்திய மருத்துவக் குழுவாகக் குதித்துக் காயமுற்றோரைக் காத்தார். மகாவீர் சக்கரம் பெற்றவர் அவர்.

“அவர்கள் குதித்தது வட்டக் குடையில்” என்றார் பெரியவர். “காற்று கொண்டுபோன இடத்தில் இறங்க வேண்டியதுதான். இந்தத் தம்பி குதிப்பது செவ்வகக் குடை. அது குடையன்று, துணியால் செய்த இறக்கை. முன்புறத் திறப்பில் காற்றுப் புகுந்து அறை அறையாக ஊதி நிற்கும். டோமினா ஜால்பர்ட் என்பவர் 1960-களில் கண்டுபிடித்தது. பட்டம் போல் பறக்கும். சொன்ன இடத்துக்குப் போகும். சொல்லத் தெரியாதவனைச் சொல்லாத இடத்துக்கும் கொண்டுபோகும்.”

குதிப்பு நிகழும் முறையைப் பிள்ளை நமக்கு விளக்கினான். 13,000 அடி உயரத்தில் விமானத்தை விட்டு வெளிவந்தால், வயிறு கீழ்நோக்கி இருக்கும் நிலையில் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் உடல் விழும். முதல் ஆயிரம் அடிக்குப் பத்து விநாடி ஆகும். அதன்பின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஆறு விநாடிக்கும் குறைவே. 3,000 அடி வரை இறங்க ஒரு நிமிடம். 2,500 அடிக்குக் கீழ் குடை திறக்காமல் விழுந்தால் தரைக்கு இருப்பது பதினான்கு விநாடி மட்டும். ஆகையால்தான் அனுபவம் மிக்கவர்களும் 2,500 அடிக்குக் கீழ் குடையைத் திறக்கலாகாது என்று அமெரிக்கச் சங்கத்தார் விதித்திருக்கின்றனர். திறந்த குடை பழுதென்று கண்டால் 1,800 அடிக்குள் முடிவெடுத்துச் செயற்பட்டுவிட வேண்டும் என்பதும் அவர்கள் விதி.

இதைக் கேட்ட அம்மையார் கண்களை மூடிக்கொண்டார். பெரியவர் அதைக் கவனித்து, “அம்மா, அஞ்ச வேண்டாம். ஒரு குடை பழுதானால் மற்றொன்று முதுகிலேயே இருக்கிறது” என்று தொடர்ந்தார். மாற்றுக்குடையை எவரும் மடித்துவிட முடியாது. உரிமம் பெற்ற மடிப்பாளர்தாம் மடிக்க வேண்டும். அமெரிக்காவில் அதனை 180 நாட்களுக்கு ஒருமுறை பிரித்துச் சோதித்து மீண்டும் மடிக்க வேண்டும் என்பது சட்டம். பழுதான பிரதானக் குடையை ஒரே இழுப்பில் கழற்றிவிட உதவுவது மூன்று வளையப் பூட்டு. 1970-களில் பில் பூத் என்னும் அமெரிக்கர் அமைத்தது. ஒன்றனுள் ஒன்றாகக் கோத்த மூன்று வளையங்கள் பெரும் பாரத்தைச் சிறு கயிற்றளவாகக் குறைத்துவிடுவதால், கைப்பிடியை இழுக்கப் பெரும்பலம் வேண்டியதில்லை. அவ்வாறு கழன்ற குடையே மாற்றுக்குடையையும் இழுத்துத் திறக்கும்படி ஒரு நாடா கட்டப்பட்டிருக்கும். குதித்தவன் மயங்கிவிட்டாலோ, உயரத்தை மறந்துவிட்டாலோ தானே மாற்றுக்குடையைத் திறக்கும் சிறு கருவியும் உண்டு. 1991-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வெளிவந்த சைப்ரஸ் என்னும் கருவி இவ்வகையில் பெயர் பெற்றது. சுமார் 750 அடி உயரத்திலும் உடல் கடுவேகத்தில் விழுந்துகொண்டிருப்பதைக் கண்டால் அது தன் வேலையைச் செய்துவிடும்.

“ஒன்று போனால் ஒன்று என்பது நம் ஊரிலேயே செய்யும் வேலைதானே” என்று நாம் குறுக்கிட்டோம். விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இருக்கும் ஊர் அன்றோ திருவனந்தபுரம்! ககன்யான் கலம் கடலில் இறங்குவதற்கு மொத்தம் பத்துப் பாராசூட்டுகள். அவற்றுள் முதன்மையானவை மூன்று. அவற்றுள் இரண்டு திறந்தாலே போதும். 2022-ஆம் ஆண்டு நவம்பரில் ஜான்சிக்கு அருகில் பபீனாவில் நடந்த சோதனையில், ஒன்று திறக்காமல் போவதாகவே வைத்துக்கொண்டு சோதித்தார்கள். விண்வெளி வீரருக்கு உள்ள அதே எச்சரிக்கை விளையாட்டுக்காகக் குதிப்பவருக்கும் உண்டு என்றறிந்து அம்மையார் சற்று ஆறுதலடைந்தார்.

ஆனால் பெரியவர் அத்துடன் விடவில்லை. “இவ்வளவு சாதனங்கள் இருந்தும் சாகிறவன் எப்படிச் சாகிறான் தெரியுமா?” என்று கேட்டார். அமெரிக்கச் சங்கத்தார் 1961-ஆம் ஆண்டு முதல் கணக்கு வைத்திருக்கின்றனர். அவ்வாண்டில் இறந்தவர் 14 பேர். 2023-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 36 இலட்சத்து 50 ஆயிரம் குதிப்புகள் நிகழ்ந்தும் இறந்தவர் பத்துப் பேரே. சாதனமும் பயிற்சியும் அவ்வளவு முன்னேறியுள்ளன. எஞ்சிய மரணங்களுள் குடை திறக்காமையால் நேர்ந்தவை மட்டும் இல்லை. குற்றமொன்றுமில்லாமல் நன்றாகத் திறந்த குடையின் கீழ், தரைக்குச் சமீபத்தில், அனுபவசாலிகளுக்கு நேர்ந்தவையும் பல. தரைக்கு நூறடி இருக்கையில், எதிரே ஒரு மனிதனையோ கம்பியையோ கண்டு, ஒரு பக்கத்துக் கயிற்றைச் சடுதியில் இழுக்கிறான். குடை சாய்ந்து பாய்கிறது. நிமிர்வதற்குள் தரை வந்துவிடுகிறது. இங்கே மாற்றுக்குடை பயன்படாது. தானியங்கிக் கருவியும் பயன்படாது. அக்கருவி கடுவேக வீழ்ச்சியைக் கண்டால்தான் இயங்கும். அத்தருணத்தில் காப்பது கற்ற வித்தை ஒன்றே.

“சரி தம்பி, உன் எடை என்ன?” என்று கேட்டார்.

“எழுபத்தைந்து கிலோ, ஐயா. சாமான்கள் பன்னிரண்டு.”

“மொத்தம் 87, பவுண்டுக் கணக்கில் 192. இப்போது பறக்கும் குடை?”

“190 சதுர அடி. வாங்கப்போவது 135.”

பெரியவர் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கணக்குப் போட்டார். 192 பவுண்டை 190 சதுர அடியால் வகுத்தால் ஒன்று. 135-ஆல் வகுத்தால் 1.42. ஒரு சதுர அடிக்கு ஒரு பவுண்டுக்கு மேற்படாதிருப்பது புதியவர்களுக்கு உகந்தது. பாரம் இவ்வாறு உயர்ந்தால், அதே வகைக் குடையின் வேகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். மோதும் வலிமையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அஃது ஐந்தில் இரண்டு பங்கு கூடிவிடும். அதுமட்டுமன்று, சிறிய குடையைத் திருப்பினால் அது விரைந்து சுழலும், அதிக உயரத்தை விழுங்கும். பெரிய குடையில் முழங்கால் சிராய்ப்போடு போகிற பிழைக்குச் சிறிய குடையில் தொடையெலும்பு விலையாகும்.

“ஆனால் என் நண்பர்கள் எல்லாரும் சிறிய குடைதான் வைத்திருக்கிறார்கள், ஐயா. நானும் 240 குதித்துவிட்டேன்.”

“எண்ணிக்கையை நான் கேட்கவில்லை. இந்தப் பழைய குடையில் உனக்கு என்னென்ன வரும், அதைச் சொல்” என்று பெரியவர் ஒவ்வொன்றாகக் கேட்கலானார். ஐம்பதடி உயரத்தில், குடையைச் சாய்க்காமல், இரு கயிறுகளையும் சற்றுப் பிடித்த நிலையில் தட்டையாக ஒரு கால்வட்டம் திருப்ப வருமா? கடைசிக் கணத்தில் கயிறுகளை இழுத்து வேகந்தணிக்கும்போதே சற்றே திசை மாற்ற வருமா? காற்றே இல்லாத நாளிலும், பக்கக்காற்று அடிக்கும் நாளிலும் நின்று இறங்கியதுண்டா? திருப்பும் கயிறு அறுந்தால், பின்பக்கத் தோள்வார்களைப் பிடித்தே இறங்கிப் பழகியதுண்டா? பத்து மீட்டர் வட்டத்துக்குள் வேண்டும்போதெல்லாம் இறங்குவாயா?

முதல் இரண்டு வினாக்களுக்கும் பிள்ளை தயங்கினான். பக்கக்காற்றில் ஒருமுறை இறங்கியதாகச் சொன்னான். பின்வார்களை உயரத்தில் பிடித்துப் பார்த்ததுண்டு, இறங்கியதில்லை என்றான். வட்டத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும் சிரித்து, “பத்தில் எட்டு இறங்குவேன்” என்றான்.

“இவையெல்லாம் பெரிய குடையில் வந்த பிறகுதான் அடுத்த அளவுக்கு இறங்க வேண்டும். அதுவும் 190-லிருந்து 170-க்கு, 135-க்கு அன்று. படிகளைத் தாண்டிக் குதிக்கிறவனுக்குப் பல் போகும்” என்றார் பெரியவர்.

அப்போது நமக்கு நமது பழைய தவறொன்று நினைவுக்கு வந்தது. பார்சல் பிரிவில் சேர்ந்த முதல் ஆண்டில் ஒவ்வொரு சீட்டையும் மும்முறை படித்து ஒட்டுவோம். பத்தாண்டு கழிந்தபின் கை தானே ஒட்டும். அவ்வாறு ஒருநாள் கை ஒட்டியதில், ஒரு சிற்றூர் நோயாளிக்குச் செல்லவேண்டிய மருந்துப் பெட்டி வேறு திசை வண்டியில் ஏறிப்போய், மூன்று நாள் தாமதமாயிற்று. உயிருக்குக் கேடு நேரவில்லை. ஆனால் அந்த நோயாளியின் மகன் நம்மிடம் வந்து ஒன்றும் பேசாமல் நின்றது இன்றும் மறக்கவில்லை. புதியவனுடைய அச்சம் அவனைக் காக்கிறது. பழையவனுக்கு அச்சம் போய்விடுகிறது. அதனிடத்தில் ஒழுங்குமுறை வந்து உட்காராவிட்டால் அபாயந்தான். இதை நாம் சொன்னபோது பெரியவர் தலையை அசைத்தார். 1987-ஆம் ஆண்டில் அமைந்த விமானப் படையின் ஆகாஷ் கங்கா அணியினரைவிடத் தேர்ந்தவர்கள் நம் நாட்டில் அரியர். அவ்வணியின் பயிற்றுநர் ஒருவரே 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆக்ராவில் குதிக்கும்போது உயிர் நீத்தார். “தேர்ச்சி மரணத்துக்கு எதிரான உறுதிச்சீட்டு அன்று” என்று மெல்லச் சொல்லிவிட்டு, அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார்.

பிள்ளைக்கு மற்றோர் ஆசையும் இருந்தது. “இந்த முகட்டிலிருந்தே துணி இறக்கையை விரித்துப் பறந்தால் எப்படியிருக்கும்!” என்றான். வாகமண் மலையில் பாராகிளைடிங் திருவிழா நடப்பதை அவன் அறிவான். பெரியவர் அவனை மேட்டின் விளிம்புக்கு அழைத்துச் சென்று காட்டினார். ஐந்து நிமிடத்துக்கு முன் தெரிந்த பள்ளத்தாக்கு இப்போது வெண்பஞ்சாய் இருந்தது. “தரையைக் காணாதவன் குதிக்கவும் கூடாது, பறக்கவும் கூடாது. மேகத்துக்குள் உயரமும் தெரியாது, எதிரில் வருபவனும் தெரியான். காற்று மலையின் முகத்தில் மோதும் பக்கத்தில் தூக்கும்; முதுகுப்பக்கத்தில் சுழன்று கீழே அமுக்கும். கீழே முழுவதும் காடு; இறங்கக் களமில்லை” என்றார். கடற்கரையிலேயே அபாயம் நேர்கிறதே! 2023-ஆம் ஆண்டு மார்ச்சில் வர்க்கலை பாபநாசத்தில், பயிற்றுநரும் தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண்மணி ஒருவரும் பறந்த துணி இறக்கை உயரமான மின்விளக்குக் கம்பத்தில் சிக்கிக்கொண்டது. நெடுநேரம் தொங்கிய அவ்விருவரையும் வலைவிரித்து மீட்டனர். ஆதலால் இடத்தையும் காற்றையும் தேர்ந்தெடுப்பது துணியைத் தேர்ந்தெடுப்பதைவிட முந்திய வேலை.

இவற்றையெல்லாம் கேட்டபின் அம்மையார், “ஐயா, குதிக்கவே வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதா?” என்றார்.

“சொல்லலாம் அம்மா. ஆனால் தங்களிடம் சொல்லாமல் குதிப்பான். அதைவிட, தாங்கள் கேட்கவேண்டியதைக் கேட்டுக்கொண்டேயிருங்கள்” என்றார் பெரியவர். வடதுருவத்தின் மேல் 2002-ஆம் ஆண்டில் குதித்து, 2005-இல் பத்மஸ்ரீ பெற்ற ரேச்சல் தாமஸ் என்னும் பெண்மணியையும், 2023-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அமெரிக்காவில் 42,431 அடி உயரத்திலிருந்து குதித்து 2 நிமிடம் 47 விநாடி குடை விரிக்காமல் விழுந்து உலக சாதனை நிறுவிய கோழிக்கோட்டு ஜிதின் விஜயனையும் அவர் எடுத்துக்காட்டினார். “துணிவை நான் குறை சொல்லவில்லை. துணிவுக்கு முன்னால் தயாரிப்பு நிற்க வேண்டும்.”

நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் இந்நாளில் எங்கெங்கோ வேலைக்குச் செல்கின்றனர், கைநிறையச் சம்பாதிக்கின்றனர், நாம் கண்டறியாத விளையாட்டுகளில் ஈடுபடுகின்றனர். இங்கிருந்து தொலைபேசியில் “சாப்பிட்டாயா?” என்று கேட்பதோடு நமது விசாரணை முடிந்துவிடுகிறது. வானில் குதிக்கும் பிள்ளையிடம் இன்னும் சிலவற்றைக் கேட்கலாம். மாற்றுக்குடையைக் கடைசியாக மடித்தது எந்தத் தேதி? தானியங்கிக் கருவி போட்டிருக்கிறாயா? குடையின் அளவு என்ன, அதை யாரைக் கேட்டு முடிவு செய்தாய்? காற்று மிகுந்த நாளில் குதிக்காமல் திரும்பி வந்ததுண்டா? கடைசி வினாவுக்கு “உண்டு” என்று விடை வந்தால் பெற்றோர் நிம்மதியாக உறங்கலாம். பொருள் விளங்காவிட்டாலும் கேட்கலாம். கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்ற நினைவே ஒரு காப்பு.

மாலையில் மலையிறங்கும்போது அந்தப் பிள்ளை பேருந்தில் நமக்குப் பக்கத்தில் அமர்ந்து வந்தான். கல்லாறு வரும் வரையில் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அண்ணா, குடைக்கு முன்பணம் கட்டிவிட்டேன். திரும்பக் கேட்டால் சிரிப்பார்கள்” என்றான். “சிரித்தால் சிரிக்கட்டும்; எலும்பு உன்னுடையது” என்று மட்டும் சொன்னோம்.

சென்ற வாரம் அம்மையார் சங்கக் கூட்டத்துக்கு வந்திருந்தார். மகன் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுவிட்டானாம். பழைய 190-லேயே, குடையைச் செலுத்தும் கலையைத் தனியாகக் கற்பிக்கும் பயிற்சியில் சேர்ந்திருக்கிறானாம். பெரியவரிடம் காட்டும்படி ஒரு செய்தி அனுப்பியிருந்தான்; அம்மையார் அதைப் படித்துக் காட்டினார். “ஐயாவிடம் சொல்லுங்கள். தரையில் சுண்ணாம்பால் பத்து மீட்டர் வட்டம் போட்டு, ஒருவரை அளக்கச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். பத்தில் எட்டு என்று சொன்னேன் அல்லவா? நான்குதான்.”

பெரியவர் அதைக் கேட்டு, “உண்மையை அளந்துவிட்டான், இனி கற்றுக்கொள்வான்” என்றார். அம்மையார் அந்தச் செய்தியை இன்னொரு முறை படித்துவிட்டுத் தொலைபேசியை முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.